கச்சானுக்கு ஒரு புள்ளி

"இப்போது என்ன பருவம்?"
இங்கிலாந்திலிருந்து வந்த வினாத்தாளில்
நான்கு பதில்களுக்கு இடமிருந்தது,
பனி விழுவது ஒன்று, இலை உதிர்வது ஒன்று.
சல்லியில் வாடிக்குப் பின்னால் வைத்து
கதிராமத்தம்பிச் சம்மாட்டியாரிடம் கேட்டேன்.
மூக்கை மேற்கே திருப்பினார்.
"கச்சான்."
ஒரு புள்ளி போட்டேன்.
கொழும்பில் என் பேராசிரியர் அதை அடித்து
ஓரத்தில் எழுதியிருந்தார்: கடலையா?

முதல் நாலு வருடம் நான் நோயைத் தேடவில்லை,
கேள்விகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.
எத்தனையாம் மாடியில் இருக்கிறோம்?
மூதூர் ஆஸ்பத்திரிக்கு அப்போது மாடியே இல்லை.
நூறிலிருந்து ஏழேழாய்க் கழியுங்கள் என்றால்
கிண்ணியா சுலைஹா உம்மா
"ஆருக்குக் கடன்?" என்றா.
எந்த மாகாணம் என்றதற்கு
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்
"வடகிழக்கு" என்றார்.
அதைப் பிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.
மறதியா, பிடிவாதமா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
அரைப்புள்ளி போட்டேன், கணினி ஏற்கவில்லை.

பிள்ளைகள் எத்தனை?
பாலையூற்றுத் திரேசம்மா "ஐந்து" என்றா.
முதுகுக்குப் பின்னால் நின்ற மகள்
எனக்கு நாலு விரல் காட்டினாள்,
பிறகு அந்தக் கையைத் தானே மறைத்துக்கொண்டாள்.
ஐந்து என்றே எழுதினேன்.

காணிக் கந்தோர் இலிகிதர் அருமைநாயகத்தின் கையொப்பம்
வருடத்துக்கு வருடம் சிறுத்தது.
கடைசியில் ஓர் எறும்பளவு.
வங்கி பென்சனை நிறுத்தியது.
என் ஆராய்ச்சிக் கட்டுரைகளுள் யாரும் மேற்கோள் காட்டாத ஒன்று
முகாமையாளருக்கு நான் எழுதிய கடிதம்:
எழுத்துத்தான் சுருங்கியது,
ஆள் அதே ஆள்.

ஹபரணைச் சோதனைச் சாவடி.
என் முழங்கால்களுக்கிடையில் மூடி இறுக்கிய வாளி.
"உள்ளுக்கு என்ன?"
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், மூளை.
"ஆருடையது?"
கணக்கு வாத்தியார் குலவீரசிங்கம்
தானே ஒப்பமிட்டுத் தந்தது, நினைவு இருந்த நாளில்.
திறக்கச் சொல்லவில்லை அவன்.
தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான்,
போ என்று கை காட்டினான்.
தொளாயிரத்து நாற்பது கிராம்.
மிச்சம் எங்கே போனது என்று
அவர் மனைவி கேட்டபோது
போகவில்லை அம்மா, வற்றியது என்றேன்.
பொய் இல்லை. பதிலும் இல்லை.

ஞாபகம் சோதிக்கும் மூன்று சொற்களை
நானேதான் தெரிந்தெடுத்தேன்.
தேசிக்காய், திறப்பு, வள்ளம்.
சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் வேறு கதை பேசி,
திரும்பக் கேட்பேன்.
கரையோர ஊர்களில்கூட
பெரும்பாலும் வள்ளம்தான் முதலில் போய்விடும்.

போன மாதம் டச்சுக்குடா வீதியில்
மான் ஒன்று குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டு நிற்க
கதிராமத்தம்பியாரை மருமகன்
கையைப் பிடித்துக் கூட்டி வந்தான்.
மகளின் பெயர் போய் மூன்று வருடம்.
இடது வலது போய்விட்டது.
சோறு எது, சோப்பு எது என்பதும்
சில நாட்களில் போய்விடுகிறது.
என்னைக் கண்டதும் நின்றார்.
வேட்டியை நேராக்கினார்.
வகுப்பில் எழும்பிய பொடியன்போல்
"தேசிக்காய், திறப்பு, வள்ளம்."

பதினொரு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருதரம்
அவர் முன்னால் போய் இருந்திருக்கிறேன்.
எல்லாம் இறங்கிப் போன அந்தக் கரையில்
என் பெயர் அதுவாகத்தான் தங்கியிருக்கிறது.
"சரியோ?" என்று கேட்டார்.
சரி ஐயா, மூன்றும் சரி.
மருமகன் வேறு பக்கம் பார்த்தான்.

ஒன்பதாம் அறைக்குத் திரும்பி
அவருடைய கோப்பில் எழுதினேன்:
சொற்கள் பழகிவிட்டன. தரவு செல்லாது.
இனிப் புதிதாக மூன்று வேண்டும்.
குடை. சவுக்காரம்.
மூன்றாவதைத்தான்
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.